வாசகர் கேள்வி–பதில்: விற்காதவரை நஷ்டமில்லையா?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதலீட்டுச் சொற்களைப் பற்றியவை. அவற்றுள் பல, அகராதியைப் புரட்டினாலே பொருள் கிடைத்துவிடக்கூடிய சொற்கள்தாம். பொருள் தெரிந்த பிறகும், பணம் கைமாறும் நேரத்தில் எதிர்பாராத ஒரு தொகை வந்து நிற்கிறது என்பதுதான் வாசகர்களின் குறை. ஆகவே சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு நிறுத்தாமல், அந்தச் சொல்லுக்குப் பின்னால் யார் யாருக்கு எப்போது எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். கணக்குகளில் வரும் எண்களை எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் பங்கு 20-க்கும் இன்னொன்றின் பங்கு 2,000-க்கும் விற்கின்றன. சிறிய தொகையே கையில் உள்ள நான் 20-க்கு விற்பதை வாங்கினால், மலிவாக வாங்கியதாகுமா?

பதில்: பங்கின் விலையை மட்டும் வைத்துக்கொண்டு அது மலிவா இல்லையா என்று சொல்ல முடியாது. மொத்தம் எத்தனை பங்குகள் இருக்கின்றன என்பது தெரிய வேண்டும். முதல் நிறுவனத்துக்கு 100 கோடிப் பங்குகள் இருந்தால் அதன் மொத்தச் சந்தை மதிப்பு 2,000 கோடி. இரண்டாவதற்கு 50 லட்சம் பங்குகளே இருந்தால் அதன் மதிப்பு 1,000 கோடி. அதாவது, எட்டாத உயரத்தில் விற்பதாக நீங்கள் நினைக்கும் நிறுவனத்தைச் சந்தை மற்றதில் பாதியாகத்தான் மதிக்கிறது. பங்கு விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் இந்தத் தொகையைத்தான் மார்க்கெட் கேப் என்கிறார்கள்.

அடுத்த படி லாபம். இரு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஆளுக்கு 100 கோடி லாபம் ஈட்டுகின்றன என்றால், முதலாவதில் ஒரு பங்குக்கு உரிய லாபம் 1, இரண்டாவதில் 200. விலையை இந்த லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ. விகிதம்: முதலாவதற்கு 20, இரண்டாவதற்கு 10. ஒரே அளவு லாபத்துக்கு நீங்கள் மலிவென்று நினைத்த பங்கில் இரு மடங்கு விலை கொடுக்கிறீர்கள். பி.இ. குறைவாக இருந்தாலே நல்ல பங்கு என்று முடிவு கட்டுவதும் பிழைதான். பழைய நிலம் ஒன்றை விற்றதால் அந்த ஓராண்டு மட்டும் லாபம் ஊதிப் பெருத்திருக்கலாம். அடுத்த ஆண்டு அந்த லாபம் இராது, பி.இ. தானாக ஏறிவிடும்.

ஒரு பங்கைப் பத்தாகப் பிரிக்கும் ஸ்பிளிட் நடவடிக்கையில் விலை பத்தில் ஒன்றாகிறது, உங்கள் கையிலுள்ள பங்குகள் பத்து மடங்காகின்றன, செல்வத்தில் மாற்றமில்லை. பல பங்குகளின் விலைப் போக்கை ஒரே எண்ணாகக் காட்டுவது குறியீட்டெண். இவ்வளவு எளிய கணக்கைப் புகழ்பெற்ற குறியீட்டெண் ஒன்றே பொருட்படுத்துவதில்லை என்பது வேடிக்கை. 1896-இல் 12 நிறுவனங்களோடு தொடங்கிய டவ் ஜோன்ஸ் தொழில்துறைக் குறியீட்டில் பங்கின் விலைதான் அதன் எடை. இன்று 30 நிறுவனங்கள் உள்ள நிலையிலும் அப்படியேதான். விலை உயர்ந்த பங்கு, நிறுவனம் சிறியதாக இருந்தாலும், குறியீட்டை அதிகமாக அசைக்கும். எஸ் அண்ட் பி 500 போன்ற பிற்காலக் குறியீடுகள் சந்தை மதிப்பைக் கொண்டு எடை போடுகின்றன.

கேள்வி: திரையில் தெரிந்த விலை 100.80. அதைப் பார்த்து 600 பங்குகள் வாங்க ஆர்டர் கொடுத்தேன். சராசரியாக 102.92 என்று கணக்கு வந்தது. தரகர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: நீங்கள் கூறும் விவரத்தை வைத்துப் பார்த்தால் ஏமாற்றியதாகத் தோன்றவில்லை. 100.80 என்பது கடைசியாக நடந்து முடிந்த வியாபாரத்தின் விலை. அந்த விலையில் இப்போதும் யாராவது விற்கக் காத்திருக்கிறார் என்று அதற்குப் பொருளில்லை. பார்க்க வேண்டியது அதற்குக் கீழே உள்ள ஆர்டர் பட்டியல். இடப்பக்கம் வாங்க விரும்புவோர் தர ஆயத்தமாக இருக்கும் விலை, அதாவது பிட். வலப்பக்கம் விற்க விரும்புவோர் கேட்கும் விலை, அதாவது ஆஸ்க். நீங்கள் அனுப்பிய நேரத்து வலப்பக்கம் கிட்டத்தட்ட இப்படி இருந்திருக்கலாம்: 101.00-க்கு 50 பங்குகள், 101.50-க்கு 200 பங்குகள், அதற்கு மேல் நேராக 104.00-க்கு 500 பங்குகள். நீங்கள் அனுப்பியது மார்க்கெட் ஆர்டர். எந்த விலையானாலும் சரி, இப்போதே வேண்டும் என்பதே அதன் பொருள். ஆகவே அது முதல் 50-ஐயும் அடுத்த 200-ஐயும் எடுத்துக்கொண்டு, மீதி 350-ஐ 104-க்கு வாங்கியது. மொத்தம் 61,750, அதை 600-ஆல் வகுத்தால் 102.92.

பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் உள்ள இடைவெளி ஸ்ப்ரெட். அதிகமாகக் கைமாறும் பங்கில் அது மிகச் சிறியதாக இருக்கும். வாங்குவோர் விற்போர் குறைந்த பங்கில் அகன்றுவிடும். லிக்விடிட்டி இல்லை என்று சொல்வது இந்த நிலையைத்தான். தரகுக் கட்டணம் ரசீதில் அச்சாகிறது, ஸ்ப்ரெட் அச்சாவதில்லை. ஆனாலும் அதைக் கொடுப்பது நீங்கள்தான். 101.50-க்கு மேல் ஒரு காசும் தர மாட்டேன் என்று லிமிட் ஆர்டர் போட்டிருந்தால் 250 பங்குகள் கிடைத்து, மீதி காத்திருந்திருக்கும். விலை இறங்கி வராமலேயே போயிருந்தால் அந்த 350 கிடைக்காமலும் போயிருக்கும். அது லிமிட் ஆர்டருக்கு நாம் தரும் விலை.

கேள்வி: ஸ்டாப்லாஸ் போட்டிருந்தும் அதற்கு வெகு கீழேயுள்ள விலையில் என் பங்குகள் விற்கப்பட்டன. பிறகு எதற்கு ஸ்டாப்லாஸ்?

பதில்: முந்தைய பதிலின் தொடர்ச்சிதான் இது. ஸ்டாப்லாஸ் என்பது குறிப்பிட்ட விலையில் விற்றுத் தருவதாக யாரும் அளித்த வாக்குறுதியன்று. விலை அந்த இடத்தைத் தொட்டால் விற்கும் ஆர்டரைச் சந்தைக்கு அனுப்பு என்னும் கட்டளை மட்டுமே. அனுப்பப்பட்ட பிறகு அது சாதாரண மார்க்கெட் ஆர்டர். எதிரே யார் எந்த விலைக்கு வாங்கக் காத்திருக்கிறாரோ அந்த விலைதான் கிடைக்கும். 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோவின் மதிப்பு 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காமல் 2011 முதல் தாங்கிப் பிடித்துவந்த கொள்கையை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே சரிந்தது. 1.20-க்குச் சற்றே கீழே ஸ்டாப்லாஸ் வைத்திருந்தவர்கள் பத்திரமாக இருப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். இடைப்பட்ட விலைகளில் வாங்க ஆளே இல்லாததால் அவர்களுடைய ஆர்டர்கள் வெகு கீழே போய் நிறைவேறின. சில தரகு நிறுவனங்களே அன்று மூழ்கின.

ஸ்டாப் லிமிட் என்னும் வகையில் இந்த விலைக்குக் கீழே விற்காதே என்றும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் விலை அந்த எல்லையைத் தாண்டிக் குதித்துவிட்டால் பங்கு விற்காமல் உங்கள் கையிலேயே தங்கிவிடும். இரண்டில் எந்தத் தொல்லை பரவாயில்லை என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். தொல்லையே இல்லாத மூன்றாவது வகை பொதுவாகக் கிடைப்பதில்லை.

கேள்வி: கையில் இல்லாத பங்கை விற்பது எப்படிச் சாத்தியம்? அது மோசடி இல்லையா?

பதில்: ஷார்ட் செல்லிங் பற்றிக் கேட்கிறீர்கள். பங்கு வைத்திருக்கும் ஒருவரிடம் அதைக் கடனாகப் பெற்று, இன்றைய விலையில் விற்று, பிறகு விலை இறங்கும்போது சந்தையில் வாங்கித் திருப்பிக் கொடுப்பதே அது. கடன் கொடுத்தவருக்கு வட்டி போல ஒரு கட்டணம் உண்டு. இடையில் நிறுவனம் ஈவுத்தொகை அறிவித்தால் அதையும் கடன் வாங்கியவர்தான் ஈடுகட்ட வேண்டும். இந்த முறை பங்குச்சந்தை அளவுக்கே பழையது. 1602-இல் நிறுவப்பட்ட டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் பங்குகளை, அதன் முன்னாள் இயக்குநர் ஐசக் லெ மேர் என்பவரும் கூட்டாளிகளும் 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் இப்படி விற்றுத் தள்ள, 1610-இல் கையில் இல்லாத பங்கை விற்பதற்குத் தடை வந்தது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்தைக் கேட்டால், மிகையாக ஏறிய விலையைச் சந்தேகிப்பவர்களுக்கும் சந்தையில் இடம் வேண்டும். மோசடி என்பது பொய்ச் செய்தி பரப்பி விலையை இறக்குவது, அதைப் பங்கை வாங்கி வைத்திருப்பவர்களும் எதிர்த்திசையில் செய்கிறார்கள்.

ஒழுக்கத்தைவிட இதில் கவனிக்க வேண்டியது கணக்கு. 100-க்கு வாங்கிய பங்கில் அதிகபட்ச நஷ்டம் 100. 100-க்கு ஷார்ட் செய்த பங்கு 500-க்கு ஏறினால் நஷ்டம் 400. அதற்கு மேல் எல்லை கிடையாது. 2008 அக்டோபரில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பங்கில் இது கண்கூடாக நடந்தது. அந்த நிறுவனத்தின் 42.6 சதவீதப் பங்குகள் தன்னிடம் இருப்பதாகவும், மேலும் 31.5 சதவீதத்துக்கு ஆப்ஷன் (கீழே விளக்கியிருக்கிறேன்) ஒப்பந்தங்கள் வைத்திருப்பதாகவும் போர்ஷே ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தது. ஏறத்தாழ 20 சதவீதம் ஒரு மாநில அரசிடம் இருந்தது. ஆக, சந்தையில் புழங்கக்கூடிய பங்குகள் 6 சதவீதம்கூட இல்லை. ஷார்ட் செய்தவர்கள் திருப்பித் தர வேண்டியதோ அதைவிட அதிகம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க ஓடியதில் 200 யூரோவை ஒட்டியிருந்த விலை இரண்டே வர்த்தக நாட்களில் 1,000 யூரோவைத் தாண்டி, சிறிது நேரம் உலகிலேயே அதிகச் சந்தை மதிப்புள்ள நிறுவனமாக ஃபோக்ஸ்வாகனை உட்கார வைத்தது. காரின் விற்பனை ஏறியதா என்று கேட்க வேண்டாம். ஷார்ட் ஸ்க்வீஸ் என்பது இதுதான்.

கேள்வி: மார்ஜின் என்றால் முன்பணம் என்றுதானே பொருள்? முன்பணத்துக்கு மேல் ஏன் கேட்கிறார்கள்?

பதில்: முன்பணம் என்று மொழிபெயர்த்ததில்தான் குழப்பம் தொடங்குகிறது. முன்பணம் கொடுத்தவர் பின்வாங்கினால் அந்தப் பணத்தோடு கதை முடியும். மார்ஜின் அப்படியன்று, முழுத் தொகைக்கான லாபமும் நஷ்டமும் உங்களுடையவை, நீங்கள் கட்டியது அதற்கான பிணை. 20,000 மார்ஜின் கட்டி 1,00,000 மதிப்புள்ள பங்குகளை வைத்திருந்தால், விலை 10 சதவீதம் இறங்கும்போது உங்கள் பணத்தில் பாதி போய்விடுகிறது. 20 சதவீதம் இறங்கினால் முழுவதும் போய்விடுகிறது. அதற்கு மேல் இறங்கினால் நீங்கள் தரகருக்குக் கடன்காரர். அந்த நிலை வருவதற்கு முன்பே பிணையை நிரப்பச் சொல்லி வரும் அழைப்புதான் மார்ஜின் கால். நிரப்பாவிட்டால் உங்களைக் கேளாமலேயே விற்றுவிடுவார்கள். பெரும்பாலும் விலை மிக மோசமாக இருக்கும் நேரத்தில்.

இன்று பேசிய விலைக்குப் பின்னொரு தேதியில் வாங்கவோ விற்கவோ செய்துகொள்ளும் ஃப்யூச்சர்ஸ் ஒப்பந்தங்களில் இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் தீர்க்கப்படுகிறது. அங்கு இன்னொரு நுணுக்கமும் உண்டு: ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி இருக்கிறது, சிலவற்றில் அன்று பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை இறக்கி வைக்கத் தொட்டி இல்லாதவர்கள், பீப்பாய்க்கு அவ்வளவு பணத்தைத் தாங்களே கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று நம்பி மலிவு விலைக்கு வாங்கியவர்களுக்கும் அன்று மார்ஜின் கால் வந்தது.

கேள்வி: ஆப்ஷனில் நஷ்டம் பிரீமியத்தோடு முடிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: வாங்குபவருக்கு உண்மை, விற்பவருக்கு இல்லை. கால் ஆப்ஷன் என்பது ஒரு பங்கை, முன்பே பேசிய ஸ்ட்ரைக் விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை. அந்த உரிமைக்குக் கொடுக்கும் விலைதான் பிரீமியம். 110 என்னும் ஸ்ட்ரைக் விலையுள்ள கால் ஆப்ஷனை 3 கொடுத்து வாங்கினால், முடிவுத் தேதியில் பங்கு 113-ஐத் தாண்டினால்தான் லாபம். எவ்வளவு இறங்கினாலும் போவது 3 மட்டுமே. அந்த 3-ஐப் பெற்றுக்கொண்டவருக்கு லாபத்தின் உச்சவரம்பு 3, நஷ்டத்துக்கு வரம்பு இல்லை. வாங்கியவருக்கு உரிமை, விற்றவருக்குக் கடமை. வாங்குபவர்கள் அடிக்கடி சிறிய தொகைகளை இழப்பதையும், விற்பவர்கள் மாதக்கணக்கில் சேர்த்ததை ஒரே நாளில் இழப்பதையும் இந்த ஒரு வேறுபாடே விளக்கிவிடும்.

கேள்வி: புதிய மியூச்சுவல் ஃபண்டின் யூனிட் 10-க்குக் கிடைக்கிறது, பழையது 250. புதியதில் அதிக யூனிட்கள் கிடைக்குமே?

பதில்: கிடைக்கும், பயனில்லை. என்.ஏ.வி. என்பது ஃபண்டிடம் உள்ள சொத்துகளின் நிகர மதிப்பை யூனிட்களால் வகுத்த எண். இரண்டும் ஒரே பங்குகளை வைத்திருந்தால், 10 சதவீத ஏற்றத்தில் 10 என்பது 11 ஆகும், 250 என்பது 275 ஆகும். நீங்கள் போட்ட தொகை இரண்டிலும் ஒரே அளவுதான் வளரும்.

நீங்கள் கேட்காத ஒரு சொல்லில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது: எக்ஸ்பென்ஸ் ரேஷியோ, அதாவது ஃபண்டை நடத்துவதற்காக ஆண்டுதோறும் உங்கள் சொத்திலிருந்து கழிக்கப்படும் சதவீதம். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். 1 லட்சம் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 10.83 லட்சமாகும், 9 சதவீதம் வளர்ந்தால் 8.62 லட்சம்தான். நீங்கள் முதலில் போட்டதைப் போல இரு மடங்குக்கும் மேலான தொகை அந்த ஒரு சதவீதத்தில் போய்விடுகிறது. இந்தக் கணக்கை முன்வைத்தே வான்கார்டு நிறுவனத்தின் ஜான் போகல் 1976-இல், குறியீட்டெண்ணை அப்படியே பின்தொடரும் செலவு குறைந்த ஃபண்டைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தார். 15 கோடி டாலர் திரட்ட எண்ணியிருந்தவருக்கு 1.13 கோடி டாலர்தான் கிடைத்தது. இன்று அத்தகைய ஃபண்டுகள் உலகமெங்கும் பெருகிவிட்டன.

கேள்வி: 10 ஆண்டுகளில் பணம் இரட்டிப்பாகும் என்று ஒரு திட்டம், அதாவது ஆண்டுக்குச் சராசரி 10 சதவீதம் என்கிறது விளம்பரம். சரிதானா?

பதில்: 100 சதவீத வளர்ச்சியைப் பத்தால் வகுத்து 10 என்கிறார்கள். வட்டிக்கு வட்டி சேரும் கணக்கில், 10 ஆண்டுகளில் இரட்டிப்பாக ஆண்டுக்கு 7.18 சதவீதமே போதும், சி.ஏ.ஜி.ஆர்., அதாவது கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம், என்று கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான். 72-ஐ ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கும் பழைய குறுக்கு வழியிலும் 7.2 வந்துவிடும். ஏற்ற இறக்கம் உள்ள முதலீட்டில் எளிய சராசரி இன்னும் மோசமாக ஏமாற்றும்: 100 ஒரு ஆண்டு 50 சதவீதம் ஏறி 150 ஆகி, மறு ஆண்டு 50 சதவீதம் இறங்கினால் 75, சராசரி பூஜ்யம் என்று எழுதலாம், கையில் 25 குறைவு.

கேள்வி: வட்டி விகிதம் ஏறினால் கடன் பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது? விற்காதவரை நஷ்டமில்லை என்று சும்மா இருந்துவிடலாமா?

பதில்: இரண்டு கேள்விகள், முதலாவது எளிது. 1,000 முகமதிப்பும் ஆண்டுக்கு 60 வட்டியும் உள்ள பத்திரம் உங்களிடம் இருக்கிறது. இன்று புதிதாக வரும் பத்திரங்கள் 80 தருகின்றன என்றால் உங்களுடையதை 1,000 கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். ஓராண்டில் முதிரும் பத்திரமானால் 981-க்கு விற்கலாம். ஒரு ஆண்டு மட்டும் 20 குறைவாகக் கிடைப்பதற்கு அந்தத் தள்ளுபடி போதும். இன்னும் 10 ஆண்டுகள் மிச்சமிருந்தால் 866-தான் தேறும், ஏனென்றால் பத்து முறை குறைவாகக் கிடைக்கப்போகிறது. காலம் நீள நீள அடி பலமாவதை அளக்கும் சொல் டியூரேஷன்.

இரண்டாவதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. முதிர்வு வரை வைத்திருக்க முடிந்தால், பத்திரம் வெளியிட்டவர் நாணயமாக இருந்தால், 1,000 திரும்பி வரும். 866 என்பது காகித நஷ்டமாகவே கழிந்துவிடும். பங்குக்கு முதிர்வுத் தேதி கிடையாது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989-இன் கடைசி வர்த்தக நாளில் தொட்ட 38,915 என்னும் அளவை மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில். அன்று குறியீட்டின் எல்லாப் பங்குகளையும் வாங்கி விற்காமல் காத்திருந்தவர் விலையில் போட்டதை மீட்க 34 ஆண்டுகள் ஆகியிருக்கும், இடையில் வந்த ஈவுத்தொகை மட்டும் ஆறுதல்.

பத்திரத்திலும் முடிந்தால் என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கி, வாடிக்கையாளர்களின் டெபாசிட்டை நீண்டகாலப் பத்திரங்களில் பெருமளவு போட்டிருந்தது. 2022-இல் வட்டி விகிதங்கள் வேகமாக ஏறியபோது அவற்றின் விலை சரிந்தது. பலவற்றை முதிர்வு வரை வைத்திருப்போம் என்று கணக்கில் எழுதியிருந்ததால் அந்தச் சரிவு நஷ்டமாகப் பதிவாகவில்லை. டெபாசிட்காரர்கள் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். 2023 மார்ச் 8 அன்று, விற்பதற்கென்று வைத்திருந்த பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் நஷ்டம் என்று வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரைக் கேட்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மார்ச் 10 அன்று வங்கி மூடப்பட்டது. ஆகவே உங்கள் பத்திரம் முதிரும் தேதியை ஒரு தாளில் எழுதி, அதற்கு முன்பு அந்தப் பணம் எந்தச் செலவுக்காவது தேவைப்படுமா என்பதைப் பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். தேவைப்படும் என்றால், 866 என்பதையே உங்கள் கணக்கில் இன்றைய மதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.